கூலிக்குப் போகாத கை

என் கண்ணு யமுனாவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பட்டுக்கடைக்காரன் புடவையோடு நிற்க மாட்டான், ஒரு நாள் பெண்ணின் முகத்துக்கும் கை நீட்டுவான் என்று சொன்னேன். கலியாணப் பெண்களெல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி மேடைக்கு வரும் காலம் வரும் என்று சொன்னேன். உன் மணிக்கட்டு மக்கர் பண்ணும் என்பதைக்கூட, நீ முதன்முதலில் மேக்கப் பிரஷ் பிடித்த விதத்தைப் பார்த்தே சொன்னேன். சந்தேகம் இருந்தால் உன் அத்தையைக் கேள். 'அப்படி ஒண்ணும் சொல்லலியே' என்பாள். அவளுக்கு ஞாபகசக்தி போதாது. காஞ்சிபுரத்தில் நாளைக்கு நடப்பதை இன்றைக்கே சொல்லக்கூடிய ஆள் ரெண்டே பேர்தான். அதில் இன்னொருத்தர் போன ஆடியில் செத்துப்போனார்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாமா கடிதம் எழுதுகிறாரே என்று சிரிக்காதே. வாயால் சொன்னால் சரிப்படாது. நான் பேச ஆரம்பித்தால், பஸ் ஸ்டாண்டு முனையில் ஷேர் ஆட்டோ நின்ற மாதிரி, கூப்பிடாமலே நாலு சங்கதி ஓடி வந்து ஏறிக்கொள்ளும். அப்புறம் எதை நான் ஏற்றினேன், எது தானாக ஏறியது என்று எனக்கே தெரியாது. எழுதுவது அப்படி இல்லை. ஒன்பதாவதோடு நின்ற கை இது. ஒரு வரி முடிப்பதற்குள் வியர்த்துவிடுகிறது. அதிகப்படி சங்கதிக்கெல்லாம் இதில் தெம்பு கிடையாது. நீ வாலாஜாபாத்தில் நிச்சயதார்த்தத்துக்குப் பெண்ணை அலங்கரிக்கப் போயிருக்கிறாய். அத்தை கோயிலுக்குப் போயிருக்கிறாள். நீ வந்ததும் இதை உன் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு நான் வெளியே போய்விடுவேன். நீ படிக்கும்போது எதிரில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

வெள்ளிக்கிழமை காலையில் நீ பதில் சொல்லியாக வேண்டும். காந்தி ரோட்டுப் பட்டுக்கடை மாடியில் திறந்திருக்கிற பிரைடல் ஸ்டுடியோவில் சம்பளத்துக்குச் சேருகிறாயா, இல்லை இப்போது போலவே பெட்டியை இழுத்துக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போகிறாயா? சின்ன முதலாளி கேட்டிருக்கிறார். இன்னொரு தடவை கேட்க மாட்டார். அந்த மாடியை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், உனக்குச் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் அங்கிருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். சரி, ஒருத்தி நின்றாள். வரிசையாக நாற்காலி போட்டிருக்கிறார்கள். முதல் நாற்காலியில் முகத்தைத் துடைத்து பேஸ் போடுகிறார்கள். அடுத்ததில் கண். அதற்கடுத்ததில் கன்னமும் உதடும். அப்புறம் கொண்டை, பூ, கடைசியில் புடவைக்கு மடிப்பு. வேனில் மண்டபத்துக்குப் போனாலும் இதே வரிசைதானாம். நம் ஊரில் பாவு ஓட்டுகிறவர் ஒருத்தர், சாயம் போடுகிறவர் ஒருத்தர், நெய்கிறவர் ஒருத்தர் என்று இல்லையா, அந்தக் கணக்கு. உனக்குக் கொடுக்கப்போவது கண் நாற்காலி. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கண், கண், கண். ஒரு பெண்ணின் முழு முகத்தை இனிமேல் நீ பார்ப்பது அவள் உன்னை விட்டு எழுந்து போகும்போதுதான். மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு, பி.எஃப். உண்டு, கை வலித்தால் ஆஸ்பத்திரிக்குக் காட்ட அட்டை உண்டு. ஆனால் வெளியே யாருக்கும் போடக் கூடாது, சொந்தக்காரப் பெண்ணாக இருந்தாலும். இன்ஸ்டாகிராமில் உன் பெயரில் இருக்கிற பக்கத்தை மூடிவிட வேண்டும். நீ போட்ட முகமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை மூடினால் இதுவரைக்கும் நீ யாருக்கும் போடவே இல்லை என்று ஆகிவிடும்.

மற்ற வழி உனக்கே தெரியும். ஆடியில் கலியாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியில் பாதிப் பேருக்கு இல்லை. நல்ல முகூர்த்தம் என்றால் எல்லோரும் அதே நாளில் கூப்பிடுவார்கள். அது முடிந்தால் போன் செத்த பிணம் மாதிரி கிடக்கும். எல்லா வீட்டிலும் இப்போது ஒரு சித்தி மகள் இருக்கிறாள், ஒரு வாரம் கோர்ஸ் முடித்துவிட்டு, 'நானே போட்டு வுடறேன் அக்கா' என்று நிற்கிறாள். அதையெல்லாம்கூட நீ சமாளித்தாய். ஆனால் அந்தக் கடை, 'முகூர்த்தப் புடவை எடுத்தால் மணப்பெண் மேக்கப் இலவசம்' என்று வாசலில் போர்டு வைத்த பிறகு என்ன செய்வது? பக்கத்தில் இருப்பவள் குறைத்துக் கேட்டால் நாமும் குறைக்கலாம். சும்மா கொடுப்பவனோடு யார் போட்டி போடுவது? ஊர் ஊராக ஜனங்கள் புடவை எடுக்க வருகிற ஊர் இது. மற்ற ஊர்ப் பெண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. உனக்குத்தான், நீ காஞ்சிபுரத்தில் இருக்கிற பாவத்துக்கு.

உனக்கு வழி சொல்லலாம் என்று என் கதையைப் புரட்டிப் பார்த்தேன். நானும் ஜென்மம் பூரா யாரிடமும் சம்பளம் வாங்காதவன்தானே. வெளியூர்க்காரரைக் கோயில் வாசலில் பிடித்து, ஆட்டோவில் ஏற்றி, நூறுகால் மண்டபத்தைக் காட்டி, நூற்றியொன்றாவது கால் பூமிக்கடியில் இருக்கிறது, ராஜ குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும் என்று காதோடு சொல்லி, பட்டுக்கடை வாசலில் இறக்கிக் கமிஷன் வாங்குகிற தொழில். ஒரு வெள்ளைக்காரம்மா நான் சொன்னதைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். வாலிபத்தில் ஒரு பெரிய முதலாளி என்னைக் கூப்பிட்டு, 'உன் வாய்க்கு நீ மெத்தையில உக்காரணும்டா, வா' என்றார். கடையில் வெள்ளை மெத்தை விரித்துப் புடவையைப் பிரித்துக் காட்டுகிற வேலை. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, 'சம்பளத்துக்கு உக்கார்ற ஆளு நான் இல்ல சார்' என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. அந்த மெத்தையில் அப்புறம் உட்கார்ந்தவர் நம் பக்கத்துத் தெரு ஏகாம்பரம். வயசு காலம் பூரா ஒரே கடையில் இருந்தார். அந்தக் கடையில் மெத்தையை எடுத்துவிட்டுக் கண்ணாடி மேஜை போட்டதும், முட்டி தேய்ந்த ஆள் நின்றபடி வேலை செய்ய முடியாது என்று ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிட்டார்கள். எனக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை. வருகிற ஜனமெல்லாம் போனைப் பார்த்துத் தானாகவே கடைக்குப் போய்விடுகிறது. இப்போது நானும் அவரும் ஒரே டீக்கடை பெஞ்சில்தான் உட்காருகிறோம். அவர் பேப்பரைப் படித்து முடித்ததும் அதைப் புடவை மாதிரி, முந்தானை வெளியே தெரிகிற மாதிரி மடித்து வைப்பார். பார்க்க ஷோக்காக இருக்கும். சம்பளத்துக்குப் போனவரும் போகாதவரும் வந்து சேர்ந்த பெஞ்சு அது. அதில் உட்கார்ந்து உனக்கு எந்த வழியைக் காட்டுவது?

இந்த இரண்டு வழிக்கும் நடுவில் ஒரு வார்த்தை நிற்கிறது. திருப்புட்குழிக் கோயில் பட்டர் சொன்ன வார்த்தை. நம் வீட்டில் அதைச் சொல்லாத மாதம் இல்லை. ஆனாலும் இன்றைக்கு எழுதத்தான் வேண்டும். உன் அம்மா, என் தங்கச்சி, காமாலையில் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. சூரத்துக்கு வேலைக்குப் போன உன் அப்பா அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். ஒண்ணாவது படித்துக்கொண்டிருந்த உன்னை நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். உன் அத்தைக்கு அப்போது கலியாணமாகி எட்டு, ஒன்பது வருஷம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுத்திருந்து, விடிந்ததும் அவிழ்த்துப் பார்த்தால் முளை விட்டிருக்க வேண்டும், விட்டிருந்தால் பிள்ளை பிறக்கும் என்பது அந்தக் கோயில் நம்பிக்கை. உன்னையும் கூட்டிக்கொண்டுதான் போனோம், வீட்டில் விட ஆள் இல்லை. காலையில் அத்தை மடியை அவிழ்த்தாள். பயறு ஊறிப்போய்க் கிடந்தது. ஒன்றுகூட முளைக்கவில்லை. அவள் பிராகாரத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நீ போய் அவள் எதிரில் உட்கார்ந்தாய். தாயார் சந்நிதியில் கொடுத்த மஞ்சளையும் குங்குமத்தையும் குழைத்து, அழுத கண்ணைத் துடைத்துத் துடைத்து, கன்னத்துக்கு மஞ்சள், நெற்றிக்குப் பொட்டு, வகிட்டுக்குக் குங்குமம், தாடையில் ஒரு புள்ளி என்று போட்டு விட்டாய். அவளும் ஆடாமல் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பட்டர் தீர்த்தக் குடத்தோடு வந்தார். நின்றார். உன் கையைப் பார்த்தார். 'இது கூலிக்குப் போற கை இல்லே, தாயாருக்கு அலங்காரம் பண்ற கை' என்றார். இதுதான் நம் வீட்டுக் கதை. மேலே கருடன் வட்டமிட்டது என்று நான் சில இடங்களில் சொன்னது உண்டு. அதை வேண்டுமானால் தள்ளிவிடு.

அந்த வார்த்தையோடுதான் நீ வளர்ந்தாய். வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் நான் கொண்டுவந்தேனே, தட்டு வரிசை தெரு முனையைத் தாண்டி நின்றது, அன்றைக்கு வந்த பார்லர்க்காரம்மாவைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணாடியைப் பார்த்து நீயே உன் முகத்தைப் போட்டுக்கொண்டாய். அத்தை வந்தவர்களிடமெல்லாம், 'பட்டர் சொன்ன கையி' என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அப்புறம் சென்னையில் அந்தப் பெரிய பார்லரில் உன்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். தங்க இடம், சம்பளம், மேல்கொண்டு கற்றுக்கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நீ பையைக்கூட எடுத்து வைத்துவிட்டாய். கடைசி நாளில் அத்தை உன் கையைப் பிடித்துக்கொண்டு, 'கூலிக்குப் போற கையா இது? பட்டர் வாக்கு பொய்யாயிடும்மா' என்றாள். நீ பையைப் பிரித்து வைத்தாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். 'நம்ம கிட்டயே ஊரு வந்து நிக்கப்போவுது பாரு' என்று வேறு சொன்னேன். அங்கே போயிருந்தால் நன்றாக இருந்திருப்பாய் என்றும் இப்போது சொல்ல முடியவில்லை. அந்தப் பார்லர் இருந்த இடத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார்கள் என்று நீயேதான் சொன்னாய்.

கடை மாடிக்கு ஸ்டுடியோ வந்த கதையையும் நீ முழுசாகக் கேட்டதில்லை. போன வருஷம் ஒரு மத்தியானம், வியாபாரம் இல்லாத நேரம், சின்ன முதலாளி எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வாய் நிற்காதே. 'பொண்ணுங்க எங்க சார் புடவைய பாக்குது? மூஞ்சியத்தான் பாக்குது. எங்க யமுனா போட்டு வுட்டான்னா சாதாப் புடவையே முகூர்த்தப் புடவை கணக்கா தெரியும். புடவையோட மூஞ்சியையும் சேத்துக் குடுங்க சார், மத்த கடைக்காரன்லாம் ஷட்டரை இழுத்து வுட்டுட்டுப் போயிடுவான்' என்றேன். உன்னைக் கூப்பிட்டு, சரிபாதி என்று சொல்லி, மாடியை எழுதிக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். 'நல்ல ஐடியாதான் மாமா' என்றார். ஒரு மாதம் கழித்து மாடியில் ஏசி போட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு மேனேஜர் அம்மாவும், கறுப்பு ஏப்ரன் கட்டிய பெண்களும் வந்து இறங்கினார்கள். எனக்குக் கொடுத்தது அந்தக் கலர் ஒன்றுதான். ஊரில் எல்லோரிடமும், 'அந்த மாடி என் மூளை' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது யார் தலைக்கு மேலே கட்டின மாடி என்று யோசிக்கவில்லை.

முசரவாக்கத்துக் கலியாணத்தில்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கலியாணத்தை உனக்குப் பிடித்துக் கொடுத்ததும் நான், அந்தப் பெண்ணின் அம்மாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான். உள் விலைக்கு வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். புடவை எடுத்து முடித்ததும் அவர்கள் மாடிக்கு ஏறிப் போனார்கள். இன்னும் டிசைன் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்து நான் கீழேயே உட்கார்ந்திருந்தேன். கலியாணத்தன்று எனக்குத் தனி மரியாதை. முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். இலையில் பொங்கல் விழுந்த நேரம், நீ பெட்டியை இழுத்துக்கொண்டு மண்டபத்து வாசலில் வந்து நின்றாய். பொண்ணு ரூமிலிருந்து கறுப்பு ஏப்ரன் கட்டிய ரெண்டு பேர் வெளியே வந்தார்கள். நான் உன்னைப் பார்த்துக் கையை ஆட்டினேன், யமுனா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, கையை ஆட்டினேன்.

பெண்ணின் அம்மா ஓடி வந்தாள். 'ஐயய்யோ, உனுக்கு யாரும் சொல்லலியா? கடையிலயே இனாமா போட்டுக் குடுக்கறாங்கமா. தாக்கல் சொல்லி அனுப்பணும்னு நெனச்சிக்கினே இருந்தேன், கலியாண வூட்டு பேஜார்ல மறந்தே பூட்டேன்' என்றாள். அப்புறம் உன் பெட்டியைப் பார்த்துவிட்டு, 'அதான் வந்துட்டியே, மாப்ள அக்காவுக்கு கொஞ்சம் போட்டு வுட்டுட்டு, சாப்ட்டு போயேன் கண்ணு' என்றாள். வேறு ஒருத்தியாக இருந்தால் திரும்பிப் போயிருப்பாள், நாலு வார்த்தை கேட்டுவிட்டு. நீ பெட்டியைத் திறந்தாய். ஜன்னல் ஓரத்தில், வெளிச்சத்தைப் பார்த்து மாப்பிள்ளை அக்காவை உட்கார வைத்தாய். கலியாணப் பெண்ணுக்கு என்று கொண்டுவந்ததையெல்லாம் அந்த அக்காவுக்குப் போட்டாய். அவளுக்கு வயது நாற்பது இருக்கும், கண்ணுக்குக் கீழே கருப்பு, ஒரு பக்கப் புருவமே சரியாக இல்லை. அவள் எழுந்து வந்தபோது மேடையில் தாலி கட்டப்போகிற மாப்பிள்ளையே, 'யாரு இது, எங்க அக்காவா?' என்று கேட்டான். இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. மேடையில் இருந்த பெண்ணை யாரும் பார்க்கவில்லை என்றுகூட எழுதியிருப்பேன், ஆனால் பார்த்தார்கள். அவளும் அழகாகத்தான் இருந்தாள், கடையில் அலமாரியில் நிற்கிற பொம்மை மாதிரி.

திரும்பி வரும்போது நீ ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்திருந்தாய். ரயில்வே கேட்டில் நின்றபோது கேட்டாய், 'மாமா, நீயா அவங்கள கூட்டினு போனே?'

'புடவைக்குத்தாம்மா கூட்டினு போனேன். மூஞ்சிக்கு இல்ல.'

'மாடிக்கு ஏறினாங்களே, நீ பாக்கல?'

'பாத்தேன்.'

'ஒரு போன் போட்டிருக்கலாம் இல்ல மாமா?'

ரயில் போகட்டும் என்று நான் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரயில் போனது. கேட்டைத் திறந்தார்கள். நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ரெண்டு பேருக்கும் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த மாப்பிள்ளை அக்காவின் கண்ணைக் கலியாண போட்டோவில் பார்த்துவிட்டுத்தான் மேனேஜர் அம்மா உன்னைப் பற்றி விசாரித்தது. அதனால்தான் உனக்குக் கண் நாற்காலி. ஒரு முழு முகத்தை நீ அவ்வளவு நன்றாகப் போட்டதற்குக் கிடைத்த பரிசு, இனிமேல் முழு முகம் கிடையாது என்பது. அன்றைக்கு ராவோடு ராவாக உன் மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. டாக்டர் பெல்ட் கட்டச் சொன்னார், வேலையைக் குறை என்றார். எதைக் குறைப்பது? இருப்பதே குறைச்சலாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் நடந்ததை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை, அதனால்தான் இத்தனை தாளும். நீ அப்பளம் பொரித்துக்கொண்டே, அத்தையைப் பார்க்காமல், 'அத்த, போயிடலாம்னு பாக்கறேன். கை ரொம்ப வலிக்குது. அங்க அட்டையாவது குடுப்பாங்க' என்றாய். அத்தை காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். 'இன்னாமா இப்படி சொல்றே? பட்டர் வாக்கு இருக்குதே. பெருமாளு சொன்ன கை அது. போயும் போயும் நாற்காலிக்கு ஒருத்தி மாதிரி கண்ணு மட்டும் தீட்டிக்கினு இருப்பியா?' என்றாள். நீ பெல்ட் கட்டிய கையைத் தூக்கி, வேறு யாருடைய கையோ மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாய். 'பட்டரு இந்த பெல்ட்ட பாக்கலியே அத்த' என்று சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை, கண்ணில் தண்ணீர் கோர்த்துக்கொண்டது. உடனே நீ, 'சரி சரி, அழுவாதே. போகலன்னு சொல்லிடறேன்' என்றாய். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அந்த வார்த்தையைக் காதால் கேட்ட ஒரே சாட்சி நான்தானே. நான் தலையை ஆட்டினேன்.

யமுனா, நீ போ என்று நான் சொல்ல வரவில்லை. போனால் உன் பெயர் போகும், ஒரு பத்து வருஷத்தில் உன்னையும் சால்வை போர்த்தி அனுப்புவார்கள், ஏகாம்பரத்துக்குப் பக்கத்தில் உனக்கும் இடம் இருக்கும். போகாதே என்றும் சொல்ல வரவில்லை. போகாவிட்டால் அந்தக் கை வீங்கிக்கொண்டே இருக்கும், அந்த போர்டு தொங்கிக்கொண்டே இருக்கும், இனாமுக்குப் போக மிச்சம் மீதி மாப்பிள்ளை அக்காக்கள்தான் உனக்கு. ரெண்டில் எது தேவலை என்று நான் இத்தனை நாளாக ஆட்டோ ஓட்டிக்கொண்டே யோசித்துவிட்டேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்ன எனக்கு இது ஒன்று மட்டும் தெரியவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் இருட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் இருட்டில் போகிறவள் தன் காலை நம்பிப் போக வேண்டும். நான் கொடுத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. அந்தக் கயிறு எதிலும் கட்டியில்லை.

திருப்புட்குழியிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸை உனக்கு ஞாபகம் இருக்காது. நீ ஜன்னல் பக்கம் தூங்கிவிட்டாய். உன் அத்தை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், நீ போட்டது அத்தனையும் துணியில் ஒட்டிக்கொண்டது. 'எனுக்குன்னு ஒண்ணு இல்லன்னு ஆயிப்போச்சு. யார் பெத்த புள்ளைக்கோ நான் மூஞ்ச காட்டிக்கினு உக்காந்திருக்கறேன். வாணாய்யா, இவள அவங்க அப்பன் வூட்டு ஜனத்துகிட்டயே வுட்டுடு. என்னால வளக்க முடியாது' என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது. பஸ் பாலத்து மேல் ஏறிக்கொண்டிருந்தது. உன் அப்பன் வீட்டு ஜனம் உன்னை எப்படி வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஏதாவது சொல்லியாக வேண்டும். 'பட்டரு இன்னா சொன்னாரு, கேட்டியா?' என்றேன். 'நீ அழுதுக்கினு இருந்தே, உன் காதுல வுழல' என்றேன். அப்புறம் சொன்னேன். அவள், தூங்கிக்கொண்டிருந்த உன் கையை எடுத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். ஊர் வந்து இறங்குகிற வரைக்கும் அந்தக் கையை விடவில்லை. இன்றைக்கு வரைக்கும் விடவில்லை.

பட்டர் உன் கையைப் பார்க்கவே இல்லை, கண்ணு. தீர்த்தக் குடத்தோடு வந்தார், நீங்கள் ரெண்டு பேரும் வழியில் உட்கார்ந்திருந்தீர்கள். 'கொழந்தையைக் கொஞ்சம் நகர்த்திக்கோங்கோ' என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மற்றதைச் சொன்னது நான்.

உன் மாமா